நட்டுவிட்டுப் போய்விடுகிறோம், அப்புறம் யார் பார்ப்பது? பாதுகாப்புப் பகுதித் தொண்டூழியர்கள் சொல்லுங்கள்

மழைக்கன்று · சனி, இரவு 9:15

எல்லாருக்கும் வணக்கம். மனசு கொஞ்சம் பாரமாக இருக்கிறது. அதனால் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் எங்கள் பேட்டைப் பூங்காவின் பின்பக்கம் ஒரு சரிவு இருக்கிறது. கயிறு கட்டி, பாதுகாப்புப் பகுதி என்று பலகை வைத்திருப்பார்கள். ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம், பிறகு கம்பம் என்கிற கிராமக் குடியிருப்பு, கம்பத்து வீடுகள் போனபின் வெறும் புதர். அதை மறுபடியும் காடாக்கும் வேலையில் நான்கு வருடமாகத் தொண்டூழியராக இருக்கிறேன். இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு நிறுவனத்து ஊழியர்கள் இரண்டு பேருந்து நிறைய வந்து கன்று நட்டார்கள். நல்ல மனசோடுதான் வந்தார்கள், நன்றாகவும் நட்டார்கள். படம் எடுத்தார்கள், பொட்டலச் சாப்பாடு சாப்பிட்டார்கள், போனார்கள். அதற்குப் பிறகு அவர்களில் ஒருவரும் அந்தப் பக்கம் வரவில்லை.

இன்று காலை மேல்வரிசைக்கு ஏறிப் பார்த்தேன். கன்றுகள் இருந்த இடத்தில் ஒரே பச்சைப் போர்வை. ஸான்ஸிபார் வள்ளிக்கொடி. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: இலை இதய வடிவம், நுனி வால் மாதிரி நீண்டிருக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, நம் வள்ளிக்கிழங்குக் குடும்பம்தான். ஆனால் சாப்பிட முடியாது, விஷம். இலைக்காம்பின் இடுக்கில் பாக்கு அளவில் பழுப்புக் காய் காய்க்கும். காய் என்றால் விதை இல்லை, அதுவே ஒரு குட்டிக் கிழங்கு. கீழே விழுந்த இடத்தில் முளைத்துவிடும்.

ஒரு கன்றைத் தேடிக் கொடியை விலக்கினேன். எண் எழுதிய தகடு கிடைத்தது. குச்சி கிடைத்தது. கன்று இல்லை. அந்தக் குச்சியைச் சுற்றி ஒரு கை எட்டும் தூரத்தில் மட்டும் 31 காய் பொறுக்கினேன்.

நட வா என்றால் இருநூறு பேர் வருகிறார்கள். சனிக்கிழமை களையெடுக்க வா என்றால் எங்களோடு சேர்த்து ஏழு பேர். மற்ற பூங்காக்களில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

—

தெம்புசு நிழல் · சனி, இரவு 10:02

உன் பதிவைப் படித்ததும் எனக்கும் அழுகை வந்தது அம்மா. நான் பூமலையில், அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில், பல வருடம் வழிகாட்டியாக இருந்தவள், இப்போது முட்டி ஒத்துழைக்காததால் வாரம் ஒருமுறை மட்டும் போகிறேன்.

இந்த ஊர் மரம் நடுவதைக் கொண்டாடும் ஊர். 1963 ஜூன் 16-ல் லீ குவான் இயூ ஃபேரர் சர்க்கஸில் ஒரு மெம்பாட் மரத்தை நட்டார். 1971 நவம்பரில் முதல் மரம் நடும் தினம். 2020-ல் தொடங்கிய பத்து லட்சம் மரம் நடும் இயக்கம்வரை அந்தச் சங்கிலி வருகிறது. இதெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் ஆரம்பத்தில் நட்டவை கவனிப்பில்லாமல் செத்தன. நட்ட பிறகு மரங்களைப் பராமரிப்பதற்கென்றே ஒரு துறையை அமைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். இந்தப் பாதியை யாரும் மேடையில் சொல்வதில்லை. இந்த ஊர் பச்சையாக இருப்பதற்குக் காரணம் அந்தப் பாதிதான் என்று நான் நம்புகிறேன்.

பூமலைக்குள் சுமார் 6 ஹெக்டேர் மழைக்காடு இருக்கிறது. தோட்டம் உருவானது 1859. காடு அதற்கும் மூத்தது. 2015-ல் யுனெஸ்கோ மரபுடைமைத் தகுதி வந்தபோது எல்லாரும் 5 வெள்ளி நோட்டில் இருக்கிற தெம்புசு மரத்தைப் படம் எடுக்கப் போனார்கள். நான் என் குழுவை அந்தக் காட்டின் ஓரத்துக்குக் கூட்டிப்போனேன். சிறிய காட்டுக்கு ஓரம்தான் பலவீனம். ஓரத்தில் வெயில் அடிக்கும், காற்று உள்ளே போகும், கொடி ஏறும். நூற்றாண்டு கடந்த காட்டுக்கே ஆள் வேண்டியிருக்கிறது. உன் சரிவில் இருப்பது நேற்றுப் பிறந்த குழந்தை.

ஏழு பேர் குறைவு என்று நினைக்காதே. யார் யார் என்று பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த ஏழு பேர் இருந்தால் அது பெரிய பலம்.

—

புக்கிட் பாத்தோக் 61 · சனி, இரவு 10:30

தவறாக நினைக்க வேண்டாம். இதற்கெல்லாம் பூங்காக் கழகம் குத்தகையாளர்களை வைத்திருக்கிறதே, களையெடுப்பதை அவர்களிடம் விட்டுவிடலாமே? வாரம் ஆறு நாள் வேலை செய்பவர்கள் ஓய்வு நாளிலும் மண்ணில் கிடக்க வேண்டுமா?

—

மழைக்கன்று · சனி, இரவு 10:48

நியாயமான கேள்வி அண்ணா. பெரிய மரம் வெட்டுவது, பாதை ஓரத்துப் புல் எடுப்பது எல்லாம் அவர்கள்தான் செய்கிறார்கள். ஆனால் புல்லுக்கு நடுவில் முழங்கால் உயரக் கன்று எது, அதன் மேல் ஏறுகிற கொடி எது என்று கையால் விலக்கிப் பார்க்கிற வேலை இயந்திரத்தால் முடியாது. அதே ஆள் அதே கன்றை மாதாமாதம் பார்த்தால்தான் போன மாதம் ஆறு இலை இருந்தது, இப்போது நாலுதான் என்று தெரியும்.

இன்னொன்றும் உண்டு. கீழ்வரிசையில் பதினாறு கன்று புல்வெட்டி இயந்திரத்தில் அடிபட்டுப் போனது. யார் செய்தார்கள் என்று தெரியாது, யாரையும் குற்றம் சொல்லவும் எனக்கு விருப்பமில்லை. ஆனால் அடித்தண்டில் பட்டை சுற்றிலும் உரிந்து வெள்ளையாகத் தெரிந்ததைப் பார்த்தபோது வயிறு எரிந்தது.

—

மன்னார்குடி மண் · ஞாயிறு, காலை 6:40

அக்கா வணக்கம். நான் அந்த வேலை செய்கிறவன்தான். உங்கள் பூங்கா இல்லை, வேறு பக்கம். ஒன்பது வருடமாகப் புல்வெட்டு, மரவெட்டு. உங்கள் பதிவைப் படித்ததிலிருந்து பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். லாலாங் புல் இடுப்பளவு நிற்கும். தோளில் மிஷின், முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு, உள்ளே வியர்வை வழிந்து பாதி பார்வை மறையும். மிஷின் முனையில் நைலான் கயிறு சுற்றும். அது பட்டால் புல் தெறிக்கும், கல் தெறிக்கும். கன்று புல்லோடு புல்லாகத்தான் இருக்கும். அதே பச்சை, அதே உயரம். கயிறு ஒரு தடவை உரசினால் போதும், பட்டை வட்டமாக உரிந்துவிடும். வெட்டுகிறவனுக்குத் தெரியவே தெரியாது. மரம் அன்றைக்குச் சாகாது. மூன்று வாரம் கழித்துத்தான் மேலே வாடும். அப்போது அவன் வேறு இடத்தில் இருப்பான்.

எனக்கும் ஒருமுறை அப்படி ஆனது. திரும்பிப் பார்த்தால் கன்று சாய்ந்து கிடக்கிறது. ஊரில் என் அப்பா தென்னங்கன்றுக்கு வாளியில் தண்ணீர் சுமந்து ஊற்றியது ஞாபகம் வந்து அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எங்களுக்கும் அது மரம்தான் அக்கா.

நீங்கள் செய்ய வேண்டியது இரண்டே விஷயம். குச்சி உயரமாக இருக்கட்டும், புல்லுக்கு மேலே தெரிய வேண்டும். நாலு, நாலரை அடி மூங்கில், மேல்முனையில் வெள்ளைச் சாயம். சிவப்பு நாடா கட்டினால் வெயிலில் ஆறு மாதத்தில் வெளுத்துவிடும். சாயம் நிற்கும். அப்புறம், கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டத்துக்குக் கையால் புல்லை எடுத்து, காய்ந்த இலையை மூடாக்காகப் போடுங்கள். அந்த வட்டத்தைப் பார்த்தால் எங்கள் ஆட்கள் மிஷினை உள்ளே விடவே மாட்டார்கள். மூடாக்குத் தண்டில் ஒட்டக்கூடாது, நாலு விரல் இடைவெளி வேண்டும். ஒட்டினால் தண்டு அழுகும், கறையானும் வரும்.

நீங்கள் சனிக்கிழமை கூடுகிறீர்கள். எங்களுக்கு அன்று வேலை. ஞாயிற்றுக்கிழமை வைத்தால் நானும் என் அறையில் இரண்டு பேரும் வருவோம்.

—

தெம்புசு நிழல் · ஞாயிறு, காலை 7:20

தம்பி, நான் இத்தனை வருடத்தில் படித்த குறிப்பேடுகளில் இப்படி ஒருவரும் எழுதவில்லை. குச்சி நட்ட எங்களுக்கு மிஷின் பிடிக்கிற ஆள் எங்கிருந்து பார்க்கிறார் என்பது தோன்றவே இல்லை. நன்றாக இருப்பா.

—

மழைக்கன்று · ஞாயிறு, காலை 7:55

தம்பி, உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். குற்றம் சொல்லவில்லை என்று எழுதினேனே தவிர மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பற்றிப் பூங்கா அதிகாரியிடம் இன்றே கேட்கிறேன்.

—

ஈசூன் அம்மா · ஞாயிறு, காலை 9:10

நான் தொண்டூழியர் இல்லை, காலையில் நடக்கப் போகிறவள். எனக்கு ஒரு ஆதங்கம். இவ்வளவு இடம் கிடக்கிறதே, நாலு வேப்பமரம், இரண்டு முருங்கை, கறிவேப்பிலை நட்டால் என்ன? பேரப்பிள்ளைக்கு அம்மை போட்டபோது வேப்பிலைக்கு லிட்டில் இந்தியாவில் தேக்கா வரைக்கும் போனேன். அம்மன் இருக்கிற மரம். தானாக வளரும், கொடிக்கும் பயப்படாது. நம் மரத்தை நட்டால் நம் ஆட்களும் வந்து தண்ணீர் ஊற்றுவார்கள்.

—

இருவாச்சி · ஞாயிறு, காலை 10:05

அம்மா, உங்கள் ஆசை புரிகிறது. எங்கள் வீட்டிலும் வேப்பிலை இல்லாமல் ஆடி மாதம் இல்லை. ஆனால் பாதுகாப்புப் பகுதி என்பது தோட்டம் இல்லை. இந்தத் தீவில் ஆதியில் இருந்த மரங்களும் அவற்றை நம்பியிருந்த பறவைகளும் பூச்சிகளும் திரும்பி வருவதற்காக ஒதுக்கிய இடம். இந்த ஊர்ப் பறவைக்கு எந்தப் பழம் எந்த மாதம் பழுக்கும் என்று தெரியும். அத்தி பழுத்தால் எங்கிருந்துதான் தெரியுமோ, பச்சைப்புறாக்கள் கூட்டமாக வந்து இறங்கும். இருவாச்சியே இங்கிருந்து காணாமல் போய், 1990-களில் புலாவ் உபின் தீவில்தான் மறுபடி கண்ணில் பட்டது. இப்போது அடுக்குமாடிச் சன்னலில் உட்கார்கிறது. உட்கார மரமும் தின்னப் பழமும் இருந்ததால்தான் வந்தது.

வேம்புக்கும் முருங்கைக்கும் இடம் உண்டு. சமூகத் தோட்டம் இருக்கிறதே, 2005-லிருந்து பேட்டைக்குப் பேட்டை நடக்கிறது. தனியாக வேண்டுமென்றால் பூங்காக்களில் 2.5 மீட்டருக்கு 1 மீட்டர் பாத்தி வாடகைக்குக் கிடைக்கிறது. கறிவேப்பிலைக்கு அது தாராளம்.

நம் மரம் என்று சொன்னீர்களே, அதைப் பற்றி ஒன்று சொல்லட்டுமா? இந்தக் காட்டில் இருக்கிற புலாய் மரம் நம் ஏழிலைப் பாலைக்குச் சொந்தம். கிளை அடுக்கடுக்காக நிற்கும், ஒடித்தால் பால் வரும். கெலாத் என்கிறார்களே, அது நாவலுக்கு உறவு. கடற்கரையில் பெனாகா லாவுட் என்று பலகை மாட்டியிருக்கிற மரம் சாட்சாத் நம் புன்னை. கொண்டுவந்து நட்டது இல்லை, இந்தக் கரைக்கே உரியது. தாழையும் அப்படித்தான். நாம் வருவதற்கு முன்பே நம் சொந்தக்காரர்கள் இங்கே இருந்திருக்கிறார்கள் அம்மா.

—

ஈசூன் அம்மா · ஞாயிறு, காலை 10:40

புன்னையா! என் ஊர் வேதாரண்யம் பக்கம். சின்ன வயதில் புன்னைக் கொட்டையில்தான் விளையாடுவோம். இத்தனை வருடம் சாங்கிக் கடற்கரையில் அதன் கீழே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், தெரியாமல் போச்சே.

—

தண்டவாளத்துப் பையன் · ஞாயிறு, மதியம் 1:15

இருவாச்சி சொன்னதில் எனக்குப் பாதி உடன்பாடு, பாதி இல்லை. மரியாதையோடு என் பக்கத்தைச் சொல்கிறேன்.

என் அப்பா மலாயா ரயில்வேயில் பாதை பராமரிப்புத் தொழிலாளி. நாங்கள் வளர்ந்தது ரயில்வே குடியிருப்பில். தண்டவாளத்தின் ஓரம் எல்லாரும் வாழை வைத்திருந்தோம், பப்பாளி, மரவள்ளி, முருங்கை. குவீன்ஸ்வே பக்கம் ரயில்வே தொழிலாளர்கள் 1932-ல் வைத்த முனீஸ்வரன் கோயில் சின்னக் கொட்டகையாக இருந்த காலத்தைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இப்போது காமன்வெல்த் டிரைவில் பெரிய கோயிலாக நிற்கிறது. 2011 ஜூலை 1-ல் மலேசியாவிடம் இருந்த ரயில் நிலம் சிங்கப்பூருக்கு வந்தது. 24 கிலோமீட்டர் நீளம், பசுமைப் பாதையாகக் காப்பாற்றினார்கள். அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

இப்போது களையெடுப்பு என்ற பெயரில் ஒரு பழைய மாமரத்தைக் கண்டால் சில இளைஞர்கள் முகம் சுளிக்கிறார்கள். வெளியூர் மரமாம். அந்த மாமரத்துக்குக் கீழே ஒரு வீடு இருந்தது, அந்த வீட்டில் ஒரு குடும்பம் இருந்தது. அடையாளமாக மிஞ்சியது அந்த மரம் மட்டும்தான். காட்டை மீட்பதற்காக மனிதர் வாழ்ந்த தடத்தைத் துடைக்க வேண்டுமா?

—

இருவாச்சி · ஞாயிறு, மதியம் 2:30

அண்ணா, மாமரத்தை வெட்டச் சொல்கிறவர்கள் எங்கள் குழுவில் இல்லை. மா, பலா, ரம்புத்தான் எல்லாம் நின்ற இடத்தில் நிற்கும், காட்டை விழுங்காது. அவை வயதாகி விழும்வரை இருக்கட்டும் என்பதுதான் என் கருத்தும். வள்ளிக்கொடியும் மிக்கானியா என்கிற இன்னொரு வெளியூர்க் கொடியும் அப்படி இல்லை. விட்டால் உங்கள் மாமரத்தையும் சேர்த்து மூடிவிடும். வெளியூரா உள்ளூரா என்பதைவிட, பக்கத்தில் இருப்பதை வாழ விடுகிறதா என்று பாருங்கள்.

அல்பீசியா விஷயத்திலும் இதே தகராறு வரும். 1870-களில் பூமலைக்கு வந்த மரம், இப்போது கைவிடப்பட்ட நிலமெல்லாம் அதுதான். வேகமாக வளரும், புயல்காற்றில் கிளை பட்டென்று ஒடியும். அதனால் பாதை ஓரத்தில் வெட்டுகிறார்கள், அது சரி. ஆனால் கடல்கழுகும் குடுமிக் கழுகும் கூடு கட்ட அந்த உயரத்தைத்தான் தேடுகின்றன. ஒரு அல்பீசியாவில் சுள்ளி சுமந்து ஏறிய கழுகை மூன்று மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன். மரம் நிற்கட்டும், நிழலில் உள்ளூர்க் கன்றுகளை வளர்ப்போம் என்று சொன்னபோது அதிகாரிகளும் ஒத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு மரத்தையும் நின்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

—

தண்டவாளத்துப் பையன் · ஞாயிறு, மதியம் 3:05

அப்படியென்றால் சரி. புதிதாக மா நடச் சொல்லி நானும் கேட்கவில்லை. இருப்பதற்கு ஒரு பலகை வையுங்கள், யார் வீட்டு மரம் என்று. விவரம் நான் தருகிறேன். அந்தக் குடியிருப்பில் இருந்த பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

—

பதினேழு · ஞாயிறு, மாலை 5:20

வணக்கம். நான் மாணவன். உண்மையைச் சொல்கிறேன், முதலில் பள்ளிக்குக் காட்ட வேண்டிய தொண்டூழிய மணிநேரத்துக்காகத்தான் வந்தேன். மூன்று மணிநேரம் முடிந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று இருந்தேன்.

முதல் நாளே தப்புச் செய்தேன். கொடி என்றாலே எதிரி என்று நினைத்து ஒன்றை வேரோடு பிடுங்கினேன். பக்கத்தில் இருந்த அக்கா திட்டவில்லை. கையில் இருந்ததை வாங்கி, நீ பிடுங்கியதற்கும் அதோ அங்கே இருப்பதற்கும் என்ன வித்தியாசம் பார் என்றார். நான் பிடுங்கியது இந்தக் காட்டுக்கே உரிய வள்ளி. அதே குடும்பத்தில் உள்ளூர்க் கொடிகளும் இருக்கின்றன என்று அப்போதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு எதைத் தொடுவதற்கு முன்னும் கேட்பேன். இப்போது ஒன்றரை வருடம் ஆகிவிட்டது, மணிநேரம் எப்போதோ முடிந்துவிட்டது.

என் யோசனை: இருநூறு பேர் வந்து நடும்போதே, பத்துப் பேருக்கு இருபது கன்று என்று பிரித்துக் கொடுத்துவிடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்க்க ஒத்துக்கொள்கிற குழுவுக்கு மட்டும்தான் நட அனுமதி. நாங்கள் எங்கள் வகுப்பில் அப்படித்தான் எடுத்தோம். எங்கள் இருபதில் ஒன்று வாடினால் குழு அரட்டையில் உடனே படம் வந்துவிடும்.

—

கிராஞ்சி நண்டு · ஞாயிறு, இரவு 8:00

பதினேழு தம்பிக்கு என் கைகுலுக்கல். நான் சதுப்புநிலப் பக்கம். எங்களுக்குக் களை பிரச்சினை குறைவு, அலை கொண்டுவரும் குப்பைதான் பிரச்சினை. ஆனால் ஸான்ஸிபார் வள்ளியோடு ரயில் பாதை ஓரத்தில் இரண்டு வருடம் மல்லுக்கட்டியிருக்கிறேன். மழைக்கன்று, நீங்கள் கேட்டதற்கு நேரான பதில் இதோ.

மேலே ஏறின கொடியைப் பிடித்து இழுக்காதீர்கள். இழுத்தால் கன்றின் கிளை ஒடியும், மேலே இருக்கிற காயெல்லாம் மழை மாதிரி கொட்டும். ஒவ்வொன்றும் ஒரு புதுக் கொடி. இடுப்பு உயரத்தில் ஒரு வெட்டு, அடியில் ஒரு வெட்டு. மேலே இருப்பதை அப்படியே காய விடுங்கள். பிறகு அடித்தண்டைப் பிடித்துக்கொண்டு மண்ணைத் தோண்டிப் போங்கள். கிழங்கு கையளவும் இருக்கும், தலையளவும் இருக்கும். அவசரப்பட்டால் பாதி உடைந்து உள்ளே நின்றுவிடும், அந்தப் பாதி மறுபடி முளைக்கும். வேர் அறுபடாமல் மண்ணைக் கையால் துழாவி எடுக்கிறபோது குளிர்ச்சியாக, வழவழவென்று கையில் தட்டுப்படும். அதுதான் அது.

காய் பொறுக்குவதற்குத் தனியாக இரண்டு பேர். அவர்கள் வேறு எதுவும் செய்யக்கூடாது. குனிந்து இலைமக்கைக் கிளறிக்கொண்டே போக வேண்டும். பிள்ளைகள் இதில் கெட்டிக்காரர்கள், கண்ணும் தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பொறுக்கியதை உரக்குழியில் போடாதீர்கள், கட்டிய பையில் போட்டு அதிகாரியிடம் கொடுங்கள்.

இதையெல்லாம் ஒரு நாளில் முடித்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். மூன்று நாலு வாரம் கழித்துப் போனால் புதுத் தளிர் பென்சில் மாதிரி நிற்கும். மறுபடி எடுங்கள். கிழங்கில் சேர்த்துவைத்த சத்துத் தீரும்வரை அது விடாது, நாமும் விடக்கூடாது. கன்றுகள் தலைக்கு மேலே போய் ஒன்றோடொன்று கைகோத்து நிழல் விழுந்துவிட்டால் லாலாங்கும் அடங்கும், கொடியும் சோரும். அதுவரை மூன்று வருடமாவது நாம் நிழலாக நிற்க வேண்டும்.

—

புக்கிட் பாத்தோக் 61 · ஞாயிறு, இரவு 8:25

என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. எங்கள் புளோக்கின் பின்னாலேயே அந்த வால் நுனி இலை நிறைய இருக்கிறது. நாளைக்கே நான் போய் எடுக்கட்டுமா?

—

தெம்புசு நிழல் · ஞாயிறு, இரவு 8:50

தனியாகப் போக வேண்டாம் தம்பி. அனுமதி இல்லாமல் பூங்காவிலோ வனப்பகுதியிலோ செடியை வெட்டுவது, பிடுங்குவது சட்டப்படி குற்றம். நல்ல எண்ணத்தில் செய்தாலும் குற்றம்தான். பதினேழு சொன்னதையும் நினைத்துப் பார். பூங்காக் கழகத்தின் தொண்டூழியர் பக்கத்தில் பதிவு செய்துகொள். எந்த இடத்தில் என்ன வேலை என்று வரும். அங்கே கையுறையும் கருவியும் தருவார்கள், கூட ஒரு ஆள் நின்று காட்டிக்கொடுப்பார்.

முழுக்கைச் சட்டை, நீளக் கால்சட்டை, காலுறைக்குள் சொருகிக்கொள். கெரிங்கா எறும்பு இலையைத் தைத்துக் கூடு கட்டியிருக்கும், நம் ஊரில் முசுறு என்போமே அதுதான். கூடு தெரிந்தால் சுற்றிப் போ, கலைக்காதே. பூச்சிகளைப் பிடித்து மரத்தைக் காப்பதும் அதுதான். மின்னல் எச்சரிக்கை வந்தால் கிழங்கு பாதி தோண்டிய நிலையில் இருந்தாலும் விட்டுவிட்டு வந்துவிட வேண்டும். வாளி, நெகிழித் தட்டு எதையும் மழையில் விட்டுவிடாதே, டெங்கிக் கொசு ஒரு கரண்டித் தண்ணீரிலும் முட்டையிடும்.

—

மன்னார்குடி மண் · ஞாயிறு, இரவு 9:30

ஒரு சின்னச் சேர்க்கை. பிப்ரவரி வந்துவிட்டது, இனி காற்று காயும். 2014 பிப்ரவரி மாதிரி மழையே இல்லாமல் போனால் சின்னக் கன்றுகள் தாங்காது. வாரம் ஒரு தடவை நிறையத் தண்ணீர் விடுங்கள், தினமும் கொஞ்சம் கொஞ்சம் தெளிக்காதீர்கள். தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும். சரிவாக இருந்தால் கன்றின் கீழ்ப்பக்கம் பிறை வடிவில் மண் அணைத்துவிடுங்கள், தண்ணீர் ஓடாமல் நிற்கும். எங்கள் ஊரில் தென்னைக்கு அப்படித்தான்.

—

மழைக்கன்று · மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மதியம் 12:40

எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று வீட்டுக்கு வந்ததும் கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அனுமதி கிடைத்தது. இன்று பத்தொன்பது பேர். மன்னார்குடித் தம்பி நான்கு பேரைக் கூட்டிவந்தார். ஐம்பது மூங்கில் குச்சிக்கு முனையில் வெள்ளைச் சாயம் அடித்து வைத்திருந்தோம். அவர் கன்றின் தண்டை ஒட்டி அடிக்கவிடவில்லை, வேர் அறுபடும் என்று ஒரு சாண் தள்ளி அடித்துக் காட்டினார். ஈசூன் அம்மா முட்டி வலியோடு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து காய் எண்ணினார். கீழ்ச்சரிவில் மட்டும் 412. தண்டவாளத்து அண்ணா இரண்டு பழைய நண்பர்களோடு வந்து மாமரத்தைப் பார்த்துவிட்டு, இது யார் வீட்டுக் கொல்லை என்று அரைமணிநேரம் வாதாடினார்கள். இன்னும் முடிவாகவில்லை.

மேல்வரிசையில் கொடியைக் கிராஞ்சி நண்டு சொன்ன மாதிரியே மேலே ஒரு வெட்டு, கீழே ஒரு வெட்டு என்று எடுத்தோம். தகடு மட்டும் கிடைத்த இடத்துக்கு நாலடி தள்ளிப் பதினேழு தம்பி, அக்கா இங்கே வாங்க என்று கத்தினான். போர்வைக்கு அடியில் ஒரு கெலாத் கன்று. தண்டு வளைந்து தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அடியில் இருந்த இலையெல்லாம் கருத்துப் போயிருந்தன. ஆனால் நுனியில் ஒரு சோடித் தளிர். செம்புச் சிவப்பு, இன்னும் விறைக்காமல் துணி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. தம்பி அதைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

மெதுவாக நிமிர்த்தி, எட்டு வடிவில் தளர்வாகக் கட்டி, பிறை மாதிரி மண் அணைத்து, ஒரு வாளித் தண்ணீர் விட்டோம். அதன் பழைய தகட்டைத் துடைத்து மாட்டினோம். எண் வேறு, அது நாங்கள் தேடிய கன்று இல்லை. தேடிய கன்று போய்விட்டதுதான்.

அடுத்த கூட்டம் மார்ச் கடைசி ஞாயிறு, காலை 7:30, பின்வாசல் கழிப்பறைப் பக்கம். கட்டுவதற்குப் பழைய பருத்திச் சேலைக் கிழிசல் இருந்தால் கொண்டுவாருங்கள், நெகிழிக் கயிறு வேண்டாம், தண்டை அறுக்கிறது. கிளை வெட்டும் கத்தரி இரண்டு குறைகிறது. யாரிடமாவது இருக்கிறதா?

—

ஈசூன் அம்மா · ஞாயிறு, மதியம் 1:10

சேலை நான் கொண்டுவருகிறேன். நிறைய இருக்கிறது.